அசைவில்லாத படம்

முதுகு வலிக்கிறது சார், சாய்ந்து உட்கார்ந்தே சொல்கிறேன். பள்ளிக்கூட நாட்களிலேயே குமாரபாளையத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிய பாவு பீம் தூக்கிய முதுகு. சேலத்தில் ஆராய்ச்சி மாணவனான பிறகும் வலி விடவில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளை லேசான மயக்க மருந்தில் தூங்கவைத்து, ஸ்கேன் மிஷினுக்குள் படுக்கவைத்து, அம்மாவின் குரலை ஒலிக்கவிடுவோம். மூளை எங்கே பதில் சொல்கிறது என்று படம் பிடிப்போம். தலை அசைந்தால் படம் வீண். பல படங்கள் வீணாயின.

"உங்க ஊர்ல பாருடா. தறிச் சத்தத்துல பொறந்ததுங்க, மிஷினுக்குள்ள குறட்டை விடும்" என்றான் கூட வேலை செய்யும் டோனி.

எங்கள் தெருவில் தறி ஓட்டும் மஞ்சுளா அக்காவைக் கேட்டேன். அவர் மகள் கிருத்திகாவுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அக்கா உடனே சம்மதித்தார். "நான் கூப்புடறது அவளுக்குக் கேக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லு சாமி."

அன்று காலை மருத்துவமனை வாசலில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார், பிள்ளை அரளக்கூடாதென்று இருமல் மருந்து ஊற்றிக் கூட்டிவந்ததாக. தறி ஓடும்போது பிள்ளை தூங்க எங்கள் தெருவில் அப்படித்தான் ஊற்றுவார்கள். என் அம்மாவும் ஊற்றியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறு மருந்து ஏதாவது கொடுத்தார்களா என்று மயக்க மருந்து டாக்டர் உஷாராணி கேட்டார். இல்லை என்றேன். கொடுத்தார்கள் என்றால் அன்று ஸ்கேன் கிடையாது. அக்காவுக்கு இன்னொரு நாள் வேலை கெடும். அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஸ்கேன் முடிந்தது. பிள்ளை கண் விழிக்கும்வரை பக்கத்தில் இரு என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். பிள்ளையின் விரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவி விட்டுவிட்டுக் கத்தியது. சும்மா கத்துகிறது என்று சத்தத்தை அணைத்துவிட்டுப் பக்கத்து அறையில் படத்தைப் பார்க்கப் போனேன். துளி அசைவில்லை. அம்மாவின் குரல் வந்தபோதெல்லாம் அந்த மூளை பதில் சொல்லியிருந்தது. அவ்வளவு தெளிவான படத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது கிருத்திகாவின் உதடு நீலமாக இருந்தது.

பிள்ளை பிழைக்கவில்லை. அப்போது எடுத்த ரத்தத்தில் இருமல் மருந்து இருந்ததாக டாக்டர்கள் சொன்னார்கள். தாய் மறைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். நான் மறுக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அக்காவிடம் போய், உங்கள் குரல் அவளுக்குக் கேட்டது என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டு இருந்த புள்ளைய நானே ஊத்திக் கொன்னுபோட்டேன். உன்ற படிப்புக்கும் கெடுதல் பண்ணிட்டேன் சாமி. மன்னிச்சுக்கோ."

அழாதீங்க அக்கா என்று மட்டும் சொன்னேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன் சார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, மறைத்தவன் நான், கிருத்திகாவைக் கொன்றவனும் நான். இந்த ஒரு சொல் மஞ்சுளா அக்காவுக்கு நான் தரவேண்டிய பாக்கி.