மூச்சுக் குறைந்த முட்டைகள்

வேலப்பன்சாவடியில் எட்டு மணிக்கு மேல் பைபாஸைத் தாண்டுவது பெரும்பாடு, இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் எப்போதும் ஏழரைக்கே கல்லூரிக்கு வந்துவிடுவேன். அன்றும் அப்படித்தான் வந்தேன்.

எங்கள் ஆய்வு எளிமையானது. மீன் முட்டைகளை முதல் இரண்டு நாள் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் வைப்போம். தண்ணீருக்குள் நைட்ரஜனைச் செலுத்தினால் ஆக்சிஜன் வெளியேறிவிடும். பிழைத்த குஞ்சுகளை நல்ல தண்ணீரில் வளர்ப்போம். முட்டையிலேயே மூச்சுக்குத் திணறிய மீன் வளர்ந்தபின் எதையும் தாங்கும் என்று பன்னிரண்டு வருடம் முன்பு எழுதினேன். துறைத்தலைவர் பதவி அதனால் வந்ததுதான்.

எழிலரசி என்னிடம் பிஎச்.டி. செய்ய வந்தவள். அப்பா எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். கஷ்டத்தில் வளர்ந்த பெண், சமாளித்துக்கொள்வாள் என்று ஜன்னல் இல்லாத சிறிய அறையை அவளுக்கு ஒதுக்கினேன். மூன்று வருடம் முகம் சுளிக்காமல் வேலை செய்தாள். பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

“நீங்க எழுதினது தப்பு சார். மீனு உயிரோட கீது, அவ்ளோதான். எதிர்நீச்சல் வுட்டா பாதியிலயே துவண்டுடுது. அறுத்துப் பாத்தேன், இதயமே சின்னதா கீது.”

எண்களை இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.

“நாலு தபா பாத்துட்டேன். மாத்த மாட்டேன் சார்.”

நீங்கள் கேட்கும் அந்த நாள் காலையில் அவள் அறையில் நைட்ரஜன் குழாய் கழன்றிருந்தது. நான் கழற்றவில்லை. அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

வராந்தா கேமராவில் நான் பதினோரு நிமிடம் நிற்கிறேன் என்கிறீர்கள். இருக்கலாம். கைப்பிடியை நான் பிடித்திருந்ததும் உண்மை. உள்ளிருந்து இழுத்தாளா என்று கேட்டீர்கள். இரண்டு முறை இழுத்தாள். இரண்டாவது முறை அவ்வளவு பலம் இல்லை.

மருத்துவமனைப் பிணவறை வாசலில் எத்திராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊட்ல எந்நேரமும் உங்களப் பத்திதான் சார் பேசிகினு இருப்பா” என்றார். அவரை என் காரில் அனுப்பிவைத்தேன்.

நான் நன்றி கெட்டவன் அல்ல. போன வாரம் எங்கள் கட்டுரை வெளியானது. எண்களை மட்டும் நானே சரிசெய்தேன். அவள் பெயரைத்தான் முதலில் போட்டேன், என் பெயர் இரண்டாவது. எத்தனை பேராசிரியர்கள் அப்படிச் செய்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.