வலது கூண்டுத் தீனி

கேமரன் மலைக் குளிரில் கோழிக்குஞ்சு வளர்ப்பது சுலபமில்லை, ஐயா. விளக்கு அணைந்தால் போதும், சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிவிடும். என் பொறுப்பில் ஒரு குஞ்சும் அப்படிச் செத்ததில்லை. சிரில் கைராசிக்காரன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள்.

எழுபத்தெட்டில் ஈப்போவிலிருந்து ஒரு விற்பனையாள் வளர்ச்சிப் பொடி கொண்டுவந்தான். தீனியில் கலந்தால் கோழி சீக்கிரம் எடை போடும், நெஞ்சுக்கறி கூடும் என்றான். தோட்டத்துத் துரை சோதித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கூண்டு, கூண்டுக்கு ஐம்பது குஞ்சு. பொடி கலந்த தீனி இடது கூண்டுக்கு. அது என் பொறுப்பு. வெறும் தீனி வலது கூண்டுக்கு. அது என்னோடு வேலை செய்த வேலாயி பொறுப்பு. பொடி பலித்தால் பெரிய பண்ணை போட்டு, என்னை மேற்பார்வைக்கு வைப்பதாகத் துரை சொல்லியிருந்தார். பதினெட்டு வருஷம் தேயிலைக்கு மருந்தடிக்கும் டாங்கி சுமந்த முதுகு என்னுடையது.

மூன்றாம் வாரம் நிறுத்துப் பார்த்தோம். இரண்டு கூண்டும் ஒரே எடை.

எனக்குப் பொடிமேல் நம்பிக்கை இருந்தது. குளிரால் தாமதமாகிறது என்று நினைத்தேன். கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான். மதியம் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலாயி லயத்து வீட்டுக்குப் போவாள். அப்போது வலது கூண்டுத் தீனியில் இரண்டு டின் அள்ளி இடது கூண்டில் கொட்டினேன். தினமும்.

ஆறாம் வாரம் என் கோழிகள் இரண்டு கிலோ. அவளுடையவை ஒன்றேகால். அறுத்தபோது அவற்றின் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டிருந்தது.

இவ்வளவு வித்தியாசம் பொடியால் வராதே என்று விற்பனையாளே முகம் சுளித்தான். வலது கூண்டுத் தீனியை யாரோ திருடியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அன்றிலிருந்து லயத்தில் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக் கோழியை உற்றுப் பார்த்தார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் சுப்பிரமணியம் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வேலாயி வீட்டுல கோழி வளக்குதாமே, சிரில்?"

"ஆமாங்க கிராணி. நல்லா கொழுத்துதான் கெடக்குது. நான் என்னா சொல்றதுலா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அவள் வீட்டைச் சோதித்தார்கள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு டின் தோட்டத்துத் தீனி இருந்தது. வேலை போனது. வார முடிவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவள் களைக்கொல்லியைக் குடித்துவிட்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் உயிரோடு இருந்தாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவளால் விழுங்க முடியவில்லை.

என் கோழிகளின் எடையை நம்பித் துரை பண்ணை போட்டார். ஆறு வருஷமாக நான்தான் மேற்பார்வை. தீனியை எடுத்தது யார் என்று இப்போது அவள் புருஷன் கந்தன் கேட்கிறான், விசாரிக்க வந்த நீங்களும் கேட்கிறீர்கள். தீனியை எடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் வீட்டில் கிடைத்ததும் நான் கொடுத்ததுதான். கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளி, "வீணாத்தானே போவுது, கொண்டு போ" என்று நானே கொடுத்தேன். சோதனை நடந்தபோது அவள் கிராணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கமாகக் கேட்டிருந்தால், அன்றைக்கே சொல்லியிருப்பேன், ஐயா.