சோலூர் பஸ்ஸில் ஒரு பாட்டில் பூச்சி

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சோலூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும்.

“உசுரோட இருக்குதான்னு பாரு கண்ணு.”

“இருக்குதும்மா. ஆனா முன்ன மாதிரி ஓடமாட்டேங்குது.”

பாம்புதான் என்று முடிவுகட்டி, ஐம்பது வயது வீரனான நான் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் ஏற்றிக்கொண்டேன். மகள் மடியிலிருந்த ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஓடைத் தண்ணீரில் அரிசி அளவு பூச்சிகள் நாலைந்து. அப்போதும் நான் காலை இறக்கவில்லை.

“தண்ணி சூடானா செத்துரும்மா. உசுரோட காட்டுனாத்தான் காலேஜ்ல நம்ம ஓடைய ஆராய்ச்சிக்கு எடுப்பாங்க. இல்லீன்னா அந்த வாய்ப்பு வேற பொண்ணுக்குப் போயிரும்.”

அம்மா ஈரத்துண்டைப் பாட்டிலில் சுற்றினாள்.

“இத்தன வருசம் தோட்டத்துல கெடக்கறேன், இதுகளப் பாத்ததே இல்லியே?”

“இப்பத்தான தேயிலைக்கு மருந்தடிக்கக் காசில்லாம விட்டிருக்கோம். அதான் ஓடைக்கு வந்திருக்குது.”

“அப்ப வெலை ஏறுச்சுன்னா?”

“மருந்தடிப்போம். செத்துரும்.”

அம்மா பாட்டிலில் சுற்றிய துண்டை இன்னொரு முறை சரிசெய்தாள்.

“அப்ப நான் சாமிகிட்ட என்னத்தடி கேக்கறது?”

“லீவுக்குள்ள ஆராய்ச்சி முடிஞ்சிரும். அதுக்கப்பறம் வெலை ஏறட்டும்னு கேளும்மா.”