பெஞ்சில் இருந்தவன் செய்த ஃபவுல்

உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான், ஐயா. முதுகு பிடித்துக்கொள்ளும். ராஜபாளையத்தில் எங்கள் மில்லின் கூடைப்பந்து அணிக்கு நான் மூன்று வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில் உட்காருவேன். முடிந்ததும் மற்றவர்களின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்திருப்பேன்.

நான் ஆட வேண்டிய இடத்தில் ஆடியவன் கருத்தப்பாண்டி, மம்சாபுரத்துக்காரன். நல்ல பையன். என் சாப்பாட்டில் பாதியை அவன்தான் தின்பான். அவனுக்குக் காய்ச்சல் அடித்த அன்றுகூட எங்கள் கோச் சங்கரலிங்கம் சார் அவனையே இறக்கினார். பட்டாளத்தில் இருந்து வந்த மனிதர், பிடித்தால் பிடித்ததுதான்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறுதி ஆட்டம். மில் மேனேஜர் பார்க்க வந்திருந்தார். அவர் கண்முன் ஆடுகிறவர்களை மில் வேலையில் நிரந்தரமாக்கப்போவதாகப் பேச்சு. நான் இன்னும் தற்காலிகம். ஐந்து நிமிடமாவது இறக்கிவிடுங்கள் என்று காலையிலேயே கோச்சிடம் கெஞ்சினேன்.

"பாப்போம்லே, பேசாம இரு" என்றார்.

முதல் பாதி முழுக்க அவர் என் பக்கமே திரும்பவில்லை. ஆத்திரம் தாங்காமல் ரெஃபரியைத் தாயைச் சேர்த்துத் திட்டிவிட்டேன். அவர் விசில் அடித்து, ஃபவுலைக் கோச் பெயரில் எழுதச் சொன்னார். பெஞ்சில் இருக்கும் சப்ஸ்டிட்யூட் தப்பு செய்தால் அது கோச் கணக்கில்தான் ஏறும், அது விதி. எதிரணிக்குத் தடுப்பில்லாமல் கூடையில் எறிய ஃப்ரீத்ரோ கிடைத்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் பாதியில் தண்ணீர் டம்ளரைக் கோர்ட்டுக்குள் வீசிப் பார்த்தேன். அதுவும் அவர் பெயரில்தான்.

"ஏலே ஞானதுரை, இன்னொண்ணு ஏறுச்சுன்னா என்னிய வெளிய அனுப்பிருவான்லே. ஒன் காலப் பிடிக்கேன், சும்மா இருய்யா" என்றார் கோச்.

"மூணு வருசமா சும்மாதான சார் இருக்கேன்" என்றேன்.

அப்போதுதான் யோசித்தேன். கோச் வெளியே போனால் பொறுப்பு கேப்டன் சோலைச்சாமிக்கு வரும். கருத்தப்பாண்டியும் இல்லையென்றால் அந்த இடத்தில் இறக்க என்னைத் தவிர அவனுக்கு ஆள் கிடையாது. ஒரே ஃபவுலில் இரண்டும் முடியும்.

பந்து வெளியே போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்த கருத்தப்பாண்டி என் காலடியில் வந்து விழுந்தான். சிரித்தபடியே கையை நீட்டி, "தூக்கிவிடுலே" என்றான். நான் எழுந்து, பெஞ்ச் என்று அங்கே போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் என்னுடையதை மடக்கி, அதன் விளிம்பால் அவன் தலையில் அடித்தேன். நீட்டிய கையை அவன் அப்போதும் மடக்கவில்லை. அதனால் அது கீழே விழும்வரை அடிக்க வேண்டியிருந்தது. பாதி உயிரோடு விட்டால் முதலுதவி செய்து மறுபடி அவனையே இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். சாக வேண்டும் என்றுதான் அடித்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கோர்ட்டின் கோட்டைத் தாண்டி உள்ளே காலே வைக்கவில்லை.

பிறகு கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஸ்கோர் மேஜைக்குப் போய், ஆள் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அங்கிருந்தவர் எழுந்து ஓடினார். மரியாதை தெரியாதவர்.

நேற்று கோச் என்னைப் பார்க்க வந்தார். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒரு மேட்ச்லயாவது ஒன்னிய எறக்கியிருக்கணும்லே. எல்லாம் என் தப்புதான்" என்றார்.

பெரிய மனிதர், ஒப்புக்கொண்டார். எனக்கும் மனசு இளகிவிட்டது, அவரை மன்னித்துவிட்டேன். கருத்தப்பாண்டியின் அம்மா வெள்ளத்தாயும் அவரை மன்னித்துவிட்டால், நான் வீட்டுக்குப் போகலாம் இல்லையா, ஐயா?