கொப்பி கேட்டு வந்தவள்

கொழும்பு வெள்ளவத்தையில், தங்கியிருக்கும் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்காக நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ர ஆராய்ச்சியை முழுசா வாசிச்சது இங்க இருக்கிற இன்ஸ்பெக்டர் மட்டும்தான். பேராசிரியர்கூட இன்னும் வாசிக்கேல்லை.”

“பகிடி விடாத. சோதனைச் சாவடியில நீ குறிப்பெழுதின கொப்பியளை மட்டும் பறிச்சு இங்க அனுப்பிப்போட்டு உன்னை விட்டதே பெரிய விஷயம்.”

“பிடிபட்டு வெளியில வந்த சனம் நம்பிச் சொன்ன கதையள் அண்ணா அது.”

“அரசறிவியல்ல வேற தலைப்பே இல்லையோ? பழைய அரசியலமைப்பைப் பற்றி எழுதன். அதுக்கும் கலாநிதிப் பட்டம் தருவினம்தானே.”

“அவசரகாலச் சட்டத்துக்குள்ள இருந்துகொண்டு, நான் வேற என்னத்தை எழுதுறது?”



அவள் முறை வந்தது. இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில், பதிய வரவில்லை, கொப்பிகளை வாங்க வந்தேன் என்றாள். விசாரணை முடியவில்லை, தரமுடியாது என்றார் அவர். அப்படியென்றால் எடுத்ததாக எழுதித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு சுவரோர வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

என்னுடைய பதிவு முடிகிற நேரம் அவர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி நீட்டினார். அண்ணன் அவசரமாக வாங்கினான். அவள் அதைப் பறித்து வாசித்துவிட்டு மேசையில் திருப்பி வைத்தாள்.

“உங்கட பேரையும் எழுதுங்கோ, சேர்.”