மிச்சமான பத்து நிமிடங்கள்

வீட்டைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். முப்பது ஆண்டுகளாக இது மாறவில்லை. படியிறங்கிய பிறகு ஐயம் வந்தால், திரும்ப ஏறி நான்காம் முறையும் இழுப்பேன். "அந்தப் பூட்டு பாவங்க, விட்டுடுங்க" என்று மனைவி சிரிப்பாள். எதையும் சரிபார்த்துச் செய்கிறவன் நான் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் நிறுவனம் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. இக்கால வண்டியில் பிரேக்குக்கென்றே உள்ளங்கையளவில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. மிதியை அழுத்தினால் எந்தச் சக்கரம் எப்படி நிற்க வேண்டும் என்பதை அதிலுள்ள மென்பொருளே தீர்மானிக்கிறது. அதில் குறை தெரிந்தால் புதிய பதிப்பைக் கம்பியில்லாமல் வான்வழியே அனுப்புவோம். பெட்டி அதை எழுதிக்கொள்ளும். பிறகு எழுதியதை முதலிலிருந்து படித்து, அனுப்பியதோடு ஒப்பிடும். எழுத நான்கு நிமிடம், ஒப்பிடப் பத்து நிமிடம். அதுவரை வண்டி நகராது.

"ஷேவ் பண்ணி, குளிச்சு, சட்டைக்கு இஸ்திரியும் போட்டுட்டேன். வண்டி இன்னும் தூங்குது" என்று ஒருவர் புகார் அனுப்பியிருந்தார். எனக்கு அவர்மீது இரக்கம் உண்டாயிற்று. நடந்ததற்கெல்லாம் தொடக்கம் அந்த இரக்கமே.

மேலாளர்கள் கூட்டத்தில் ஒரு கதை சொன்னேன். ஒரு காட்டில் கடிதம் சுமந்த நாரை, வாங்கியவர் அதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகே நகருமாம். முயலுக்கு எரிச்சல், மானுக்கு அவசரம். பிறகு ஒரு தகைவிலான் குருவி வந்தது; கடிதத்தை வீசியது, பறந்தது. காடே அதைக் கொண்டாடியது. கதையை அங்கேயே நிறுத்தினேன். மழையில் நனைந்த கடிதங்கள் என்னவாயின என்று எவரும் கேட்கவில்லை. தலைமை மேலாளர் மேசையைத் தட்டி, "நீங்கதான் சார் நம்ம குருவி" என்றார்.

ஒப்பிடும் பத்து நிமிடத்தை நீக்கினேன். சோதனை அறையில் ஆயிரம் முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறை பிசகியது. சோதனை முடிவுகளின் பட்டியலிலிருந்து அந்த மூன்று வரிகளை எடுத்துவிட்டு, இன்னும் மூன்று முறை எழுதி ஆயிரத்தை நிறைவுசெய்தேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

சோதனைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டியவன் என் மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

"ஒண்ணுகூடத் தப்பலையா மாமா?"

"ஏன் மாப்ளே, என் வேலையில உனக்குச் சந்தேகமா?"

"ஐயோ, பூட்டையே மூணு தடவை இழுக்கிற ஆளு நீங்க. உங்களைச் சந்தேகப்பட்டா அக்கா எனக்குச் சோறு போடுவாளா?" என்று சிரித்துக் கையெழுத்திட்டான்.

நாற்பதாயிரம் வண்டிகளுக்கு அனுப்பினோம். நூற்றிருபது பிசகும் என்பது எனக்குத் தெரியும். எச்சரிக்கை விளக்கு எரியும், உரியவர் பட்டறைக்குப் போவார், அவ்வளவுதான் என்று எண்ணினேன். ஒன்றைத் தவிர அப்படியே நடந்தது. ரொட்டி ஏற்றிய வண்டி ஒன்று சரிவான தெருவில் இறங்கியபோது விளக்கும் எரியவில்லை, சக்கரமும் நிற்கவில்லை. ஓட்டுநர் இறந்துபோனார். மற்ற எல்லோருக்கும் பத்துப் பத்து நிமிடம் மிச்சமானதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கையெழுத்து மைத்துனனுடையது, எனவே வேலை போனதும் அவனுக்குத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

எல்லா வண்டிகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்து பழைய முறையில் மறுபடி எழுதிக்கொள்ளுமாறு நிறுவனம் அறிவித்தது. பலர் வரவில்லை. மைத்துனன் ஒரு பட்டறையில் சேர்ந்து, கணினியும் கேபிளுமாக அவர்களை வீடு வீடாகத் தேடிப் போனான். ஒவ்வொரு வண்டியின் அருகிலும் பதினான்கு நிமிடம் நின்றான். இறந்த ரொட்டி வண்டி ஓட்டுநரின் வீட்டுக்கும் போய், அவர் மனைவியிடம், "என் கவனக்குறைவுதாம்மா" என்றானாம். அந்த அம்மாள் கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாராம். அவன் இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்று காலை என் வீட்டுக்கு வந்தான்.

"இந்தத் தெருவுல உங்க வண்டி மட்டுந்தான் பாக்கி மாமா."

"அது நல்லாத்தான் ஓடுது. விடு மாப்ளே."

"ஊருக்கெல்லாம் பண்ணிட்டு உங்களை விட்டா, அக்கா என்னைச் சும்மா விடுவாளா?"

கேபிளை மாட்டினான். பெட்டி எந்த நாளில், எந்த முறையில் எழுதப்பட்டது என்பது திரையில் தெரியும். புதிய பதிப்பு வெளியான அதே நாளில், பட்டறையில், முழு ஒப்பீட்டுடன், பதினான்கு நிமிடத்தில் எழுதப்பட்டிருந்தது. என் வண்டி ஒன்றுக்கு மட்டும் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா.

அவன் அந்த வரியை மூன்று முறை படித்தான். பிறகு கேபிளைச் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"சட்டை மாத்திட்டு வாங்க மாமா. நான் ஓட்டுறேன்."

எடுத்துவிட்ட மூன்று வரிகளும் இதோ இந்தத் தாளில் இருக்கின்றன. எதையும் தூக்கி எறிகிறவன் அல்லன் நான். பிசகும் என்று தெரிந்தே அனுப்பினேன். அவன்மீது குற்றமில்லை, இழந்த வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு நானாகவே வந்தேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். எழுதி முடித்ததும், தயவுசெய்து முதலிலிருந்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள், ஐயா. வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பவன் அதைத்தான் முதலில் கேட்பான்.