முதல் டம்ளர்

கோடையில் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. நிறையப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். கொஞ்சம் உயரமாக விட்டால் தன் நிழலிலேயே வேரைக் காப்பாற்றிக்கொள்ளும். தண்ணீரை விடியற்காலையில் விட வேண்டும். உச்சி வெயிலில் விட்டால் வேர் வெந்துவிடும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் புல் பார்க்கச் சகிக்கவில்லை.

என் பெயர் சம்பந்தம். செஞ்சிக் கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டி. இந்த ஊரைச் சுற்றி இருப்பதற்கு மலை என்று பேர். உண்மையில் அடுக்கி வைத்த பாறை. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகு ஊர்மேல் இறக்கும். இப்படிப்பட்ட ஊரில், என் வீட்டு வாசலில், பச்சைப் புல்தரை. பெங்களூரிலிருந்து லாரியில் வரவழைத்தது. அதைப் பதித்த அன்று என் மனைவி ஆதிலட்சுமி குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"புள்ளையாருக்குப் போடற அருகம்புல்லு. இதுக்கு லாரி வாடகை குடுத்த ஒரே ஆளு நீங்கதான்."

அவளுக்கு அழகு தெரியாது. தெரிந்தவர் ஒருவர் வந்தார். ஜில்லாவில் பெரிய அதிகாரி. கோட்டையைப் பார்க்க வந்தவர், என் வீட்டில் இளநீர் குடித்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார். "இந்தக் கல்லுக்கு நடுவுல இப்படி ஒரு குளிர்ச்சியா, சம்பந்தம்?" என்றார். சித்திரையில் சம்சாரத்தோடு வந்து இங்கேயே உட்கார்ந்து காப்பி சாப்பிடுவதாகச் சொன்னார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே ஊர்க் கிணறுகளில் வாளி தரை தட்டியது. என் தோட்டத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர் இருந்தது. அதுவும் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினால் வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

இங்கேதான் பந்தல் வருகிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஜனம் என் மண்டியைத் தாண்டித்தான் போகும். என் நைனா காலத்திலிருந்து கோடையில் எங்கள் தண்ணீர்ப் பந்தல் உண்டு. பெயர்ப் பலகையும் உண்டு. அதை மட்டும் நான் வருஷா வருஷம் பெரிதாக்கினேன். எங்கள் பந்தலில் ஒரு வழக்கம். முதல் டம்ளரைத் தருமம் செய்கிறவனே எல்லார் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் ஜனம் கை நீட்டும்.

கிணற்றுத் தண்ணீர் பந்தலுக்கும் புல்லுக்கும் சேர்த்துக் காணாது. நியாயமாக யோசியுங்கள். ஜனம் நடந்து போகிறது. அடுத்த ஊரில் இன்னொரு பந்தல் இருக்கும். புல் எங்கே போகும்? பந்தலை நிறுத்தலாம் என்றால், எதிர்க்கடை ராஜாராம் அந்த இடத்தில் தன் பலகையை மாட்டிவிடுவான். ஆகவே ஊருக்கு வெளியே குட்டையில் அடியில் தேங்கியிருந்ததைப் பீப்பாயில் கொண்டுவரச் சொன்னேன். துணியில் வடிகட்டி, வெட்டிவேர் போட்டு, ஏலக்காயும் தட்டிப் போடச் செய்தேன். அதில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

பந்தலில் தண்ணீர் ஊற்றுகிறவள் விருத்தாம்பாள். என் மண்டியில் கடலை உடைப்பவள். வாய் நீளம். பானை மூடியைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"மொதலாளி, இன்னா தண்ணி இது? எருமை எந்திரிச்சுப் போன எடத்துல மொண்டாந்த மாதிரி இருக்குது."

"அது வெட்டிவேர் வாசனை."

"வெட்டிவேர நானும் பாத்திருக்கறேன். இது அந்த வேரு செத்த வாசனை. உங்க கெணத்துத் தண்ணிக்கு இன்னா வந்துச்சு? புல்லுக்கு ஊத்திட்டீங்களா? புள்ளகுட்டியோட நடந்து வருதுங்க ஜனங்க. நான் ஊத்த மாட்டேன், போங்க."

சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். என் கூலியாள், என் பலகைக்குக் கீழே, கூட்டத்துக்கு முன்னால். கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. முதல் டம்ளரை எடுத்து நிதானமாக, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அட, மொதலாளியே குடிச்சுட்டாரு. எம்மூக்குதான் கெட்டுப்போச்சு போல."

தானும் ஒரு டம்ளர் குடித்தாள். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தாள். அப்புறம் பொழுது சாயும்வரை, "வாங்க வாங்க, மொதலாளி குடிச்ச தண்ணி" என்று கூவிக் கூவி ஊற்றினாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காலரா என்றார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், நான் எண்ணவில்லை. முதலில் விருத்தாம்பாளின் மகள். பிறகு அவள். ஆஸ்பத்திரி வண்டிக்குக் காத்துக் கிடந்தபோது, "மொதலாளிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று விசாரித்தாளாம். என்மேல் அவ்வளவு மரியாதை.

காலரா கண்ட ஊர் என்று அதிகாரி வரவில்லை. சித்திரை முழுக்கப் புல் பச்சையாகக் காத்திருந்தது. எனக்குக் கோபம் என்றால் அதுதான். வழியெல்லாம் கண்ட இடத்தில் குடித்துவிட்டு வந்தவர்கள், என் பந்தலில்தான் வியாதி வாங்கினார்களாம்.

போன வாரம் மழை பெய்தது. நேற்று ஆதிலட்சுமி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். சாப்பாடு கொண்டுவரவில்லை.

"பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல அதே புல்லு பச்சையா எழுந்திருக்குது. ஒருத்தரும் ஒரு சொம்பு ஊத்தல. ஒரு மழ போதும் அதுக்கு. ரெண்டு மாசம் காய உட்டிருந்தா உங்க கௌரவம் செத்தா போயிருக்கும்?"

அது ரோட்டுப் புல். என்னுடையது வேறு. சொன்னால் அவளுக்குப் புரியாது.

டம்ளர் விஷயத்தை உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். உண்மைதான். அந்த முதல் டம்ளர் மட்டும் என் கிணற்றுத் தண்ணீர். வீட்டிலிருந்தே வெள்ளி டம்ளரில் மூடி எடுத்துப் போனேன்.

குட்டைத் தண்ணீரைப் புல்லுக்கு விட்டு, நல்ல தண்ணீரைப் பந்தலுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் அதைத்தான் செய்தேன், ஐயா. ஒரு மூலையில் விட்டுப் பார்த்தேன். மறுநாளே மஞ்சளித்துப் படுத்துவிட்டது. வாயில்லா ஜீவன். அதற்குப் போய் அந்தத் தண்ணீரை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.